கூலி எண்ணும் பக்கங்கள்



மார்கழி பிறந்துவிட்டால் தமிழ் வாசகர்களிடையே ஒரு பரபரப்பு வந்துவிடும். புத்தகக் காட்சி எந்தத் தேதியில், இந்த முறை என்ன வாங்கலாம், போன முறை வாங்கியதில் எத்தனை இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன என்று பேச்சு கிளம்பும். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இந்தப் பரபரப்பை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டது. கூடவே பரிந்துரைப் பட்டியல்களும் வரும். புதிதாக வெளிவந்தவையும் பரிசு பெற்றவையும் அவற்றில் முன்னால் நிற்கும்.

இன்று இந்த மேடையில் பேசப்படும் நூல்களில் பெரும்பாலானவை பழையவை. இவை ஓராண்டாக, ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்து, ஒரே கேள்வியோடு வாசிக்கப்பட்டவை. கதையில் வருகிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? அந்த வேலைக்கு யார், எப்போது, எதைக் கொடுக்கிறார்கள்? காதல், குடும்பம், சாதி, அரசியல் என்று நாவலுக்குள் நுழைய வழிகள் பல உண்டு. கூலி வழியாக நுழைகிறவர்கள் குறைவு. அப்படி நுழைந்து பார்த்தால், தமிழின் மிகச் சிறந்த நாவல்கள் பலவற்றில் உயிர்நிலையாக இருப்பது கூலி வாங்கும் காட்சிதான் என்பது தெரிகிறது. இந்த உரை சொல்ல வருவது அதைத்தான்.

தமிழ் நாவல் பிறந்தபோது இந்தக் கேள்விக்கு இடமில்லை. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் நாயகனுக்குக் கூலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே இல்லை. நிலமும் சொத்தும் உள்ளவர்களின் கதை அது. வயலில் இறங்கியவர்களும் தறியில் உட்கார்ந்தவர்களும் புனைகதையின் நடுவுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1935இல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. அளவில் நீண்ட சிறுகதைதான், ஆனால் பின்னால் வந்த எத்தனையோ நாவல்களுக்கான வாசலை அது திறந்து வைத்தது. 1953இல் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ அம்பாசமுத்திரம் பகுதிக் கைத்தறி நெசவாளர்களை நாவலுக்குள் கொண்டுவந்தது. நூல் தட்டுப்பாட்டால் தறி நின்றுபோன வீட்டில் அடுப்பு என்னவாகும் என்று அந்த நாவல் கேட்டது. செக் அறிஞர் கமில் சுவெலபில் அதைத் தம் மொழிக்குக் கொண்டுபோனார். பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் சில நேரம் ரகுநாதன் தாமே பேசிவிடுகிறார் என்ற குறை உண்டு. இருந்தும், தறியின் ஓசை நின்ற தெருவை அவர் காட்டும் இடங்கள் எழுபது ஆண்டுகள் கழித்தும் நெஞ்சை அழுத்துகின்றன.

அங்கிருந்து உப்பளத்துக்குப் போகலாம்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் மணமாகி, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமலே எழுத வந்தவர் அவர். மின்துறையில் பொறியாளராக இருந்த கணவருக்கு மாற்றல் வந்த ஊர்களையெல்லாம் அவர் களமாக ஆக்கிக்கொண்டார். நீலகிரிப் படகர்களிடையே பழகியதில் ‘குறிஞ்சித் தேன்’ பிறந்தது. கடலோரத்துக்குப் போனபோது ‘அலைவாய்க் கரையில்’, தஞ்சை வயல்களுக்குப் போனபோது ‘சேற்றில் மனிதர்கள்’, தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பார்த்தபோது ‘கூட்டுக் குஞ்சுகள்’. எழுதுவதற்கு முன் போய்ப் பார்ப்பது, தங்குவது, கேட்பது, குறித்துக்கொள்வது என்பது அவருடைய முறை. வீட்டுக்குள் உட்கார்ந்து கதை கட்டுகிறவர்கள் பெண் எழுத்தாளர்கள் என்ற எண்ணம் பத்திரிகை உலகில் வலுவாக இருந்த காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது.

‘கரிப்பு மணிக’ளில் பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் தூத்துக்குடிக்கு வந்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்கிறார்கள். கதை அங்கிருந்து விரிகிறது. கதையைவிட முதலில் பிடித்துக்கொள்வது அந்த இடம். வெள்ளைத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கிறது, உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால்கள் வெடித்துப் புண்ணாகின்றன, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தெப்பத்தில் நீரைத் தேக்கி, பாத்திகளுக்கு மாற்றி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கும் வேலையின் ஒவ்வொரு படியும் நாவலில் இருக்கிறது. இதை வாசிக்கும்போது உப்பு விளைவதன் அறிவியலும் புரிந்துவிடும். நீரின் அடர்த்தி 25 டிகிரியை எட்டும்போது சமையல் உப்பு பாத்தியில் படியத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். அதற்கு முன் அந்தத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். அனுபவப்பட்ட தொழிலாளிக்கு இந்தக் கணக்கு கண்பார்வையிலேயே தெரியும். ஆனால் அந்த அறிவுக்குத் தனிக் கூலி கிடையாது.

மழைக்காலம் வந்தால் அளம் மூடிக்கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் கரைந்துவிடும், அடுத்த தை வரை வேலை இல்லை. வேலை இல்லாத மாதங்களில் வாங்கும் கடனே வேலை உள்ள மாதங்களின் கூலியை முன்கூட்டியே தின்றுவிடுகிறது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கணக்கப்பிள்ளையின் பார்வை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பெண்ணின் வேலை நிலைக்கும், அல்லது போகும். உப்பை அள்ளிச் சட்டத்தை மீறுவதே விடுதலையின் அடையாளமாக இருந்த நாடு இது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அதற்காகத்தான். அந்த நாட்டில், சுதந்திரம் கிடைத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உப்பு வாருகிறவர்களின் கால்கள் எப்படி இருந்தன என்று ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண் போய்ப் பார்த்து எழுதினார். பாத்திரங்களின் வாய்வழி ஆசிரியரின் கருத்து நீளமாக வரும் பக்கங்களும் இதில் உண்டு. அந்தப் பக்கங்களைக் கடந்து செல்லும் பொறுமையை இந்த நாவல் நிச்சயமாகச் சம்பாதித்துக்கொள்கிறது.

உப்பளத்திலிருந்து மலையேறினால் இன்னொரு விதமான கணக்குப் புத்தகம் கிடைக்கிறது. ‘எரியும் பனிக்காடு’ பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவலின் தமிழ் வடிவம். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பு 2007இல் வந்தது. மூலம் ஆங்கிலம் என்பதை வாசகர் மறந்துபோகும் அளவுக்கு அந்தத் தமிழ் இயல்பாக இருக்கிறது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தவரும்கூட. நோயாளிகளின் நாடியைப் பிடித்தவர் அவர்களின் கடன் கணக்கையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

1920களில் நடக்கும் கதை. பஞ்சத்தில் வாடும் திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி வால்பாறைக்குக் கிளம்புகிறார்கள். கையில் முன்பணம் விழுகிறது. அந்த முன்பணம்தான் விலங்கு. ஊரிலிருந்து மலைக்கு வந்த வழிச்செலவும், குளிருக்குக் கொடுத்த கம்பளியும், கடையில் வாங்கிய அரிசியும் பேரேட்டில் ஏறிக்கொண்டே போகின்றன. பனியில் நனைந்து, அட்டைக் கடியில் ரத்தம் இழந்து, மலேரியாவில் விழுந்து எழுந்து ஒரு பருவம் முழுக்க உழைத்தவர்கள் கணக்கு முடிக்கும் நாளில் வரிசையில் நிற்கிறார்கள். பெயர் கூப்பிடப்படுகிறது, வரவும் பற்றும் வாசிக்கப்படுகின்றன. ஊருக்குத் திரும்பப் போகும் கனவோடு வந்தவன் தான் இன்னும் கடன்காரன் என்று தெரிந்து நகர்ந்து போகிறான். பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படத்தைப் (2013) பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். நாவலில் அது இன்னும் வலுவானது. காரணம், கருப்பன் முன்னாளில் மனத்துக்குள் போட்டுப் பார்த்த கணக்கெல்லாம் வாசகருக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருப்பது நாவலின் பலவீனம். தொழிலாளர் பக்கம் அந்தக் குறை இல்லை.

இதே முன்பணத்தின் வேறொரு முகத்தைத் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலில் காணலாம். டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்கும் மனிதர்களின் கதை. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். ஓசேப்பு என்ற தொழிலாளி கை ஓங்கி எதிர்க்கும் தருணத்திலிருந்து சங்கம் உருவாகும் காலம் வரை நாவல் போகிறது. மிகப் பெரிய நூல். கிளைக் கதைகள் அடர்ந்த காடு. அவசரமாக வாசிப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. கோடை விடுமுறை போன்ற நீண்ட ஓய்வு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து வரும் நூலில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. ஒரு காலனிக்குத் துணி வெளுக்கும் குடும்பம். ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். பறையர் குடியிருப்புக்கு மட்டும் வெளுக்கும் புதிரை வண்ணார்கள் அவர்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். துணி வெளுப்பது மட்டும் அவர்கள் வேலை என்று நினைத்தால் தவறு. பிரசவம் பார்ப்பது, சாவு வீட்டுச் சடங்குகள், கல்யாண வீட்டு வேலைகள், அறுவடை நாட்களில் களத்தில் எடுபிடி வேலைகள் என்று ஊரில் பிறப்பு முதல் இறப்பு வரை ஆரோக்கியம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இத்தனைக்கும் கூலி என்று காசாக எதுவும் இல்லை. இரவானால் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்க வேண்டும். அறுவடையானால் களத்தில் தானியம் கேட்க வேண்டும்.

களத்துக் காட்சி இந்த நாவலின் உச்சம். ஆரோக்கியம் களத்தில் விடிந்ததிலிருந்து நிற்கிறாள். சொன்ன வேலையையெல்லாம் செய்கிறாள், சொல்லாத வேலையையும் செய்கிறாள். நெல் மூட்டையாகி வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவளுக்கான பங்கு பேச்சுக்கு வருகிறது. அவள் கேட்கிறாள், கெஞ்சுகிறாள், வாழ்த்துகிறாள், பழைய கதை சொல்கிறாள், இன்னும் ஒரு கை என்று மடியை நீட்டுகிறாள். ஒரு பெண் தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதை வாங்குவதற்கு எத்தனை குரல்களில் பேச வேண்டியிருக்கிறது என்பதை இமையம் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் காட்டுகிறார். கொடுப்பவர்களும் பெரிய மிராசுதார்கள் இல்லை. அவர்களும் கூலிக்காரர்கள், அவர்கள் வீட்டிலும் குறைவுதான். வில்லன் என்று யாரையும் சுட்ட முடியாத இடத்தில் ஒரு அநியாயம் எப்படி நாள்தோறும் நடக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு தமிழ் நாவலைச் சொல்வது கடினம். வெளிவந்தபோது விவாதங்கள் எழுந்தன. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே இருக்கும் படிநிலையை எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சுந்தர ராமசாமி அதை மனம் திறந்து பாராட்டினார். முப்பது ஆண்டுகள் கடந்த பிறகு வாசிக்கும்போது, எழுதத்தான் வேண்டும் என்பதற்கு நாவலே பதிலாக நிற்கிறது.

ஆரோக்கியத்தை வாசித்த கையோடு பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை (2000) எடுத்தால், கூலியைத் தன் கண்ணாலேயே பார்க்காத ஒரு சிறுவன் கிடைக்கிறான். கொங்கு நாட்டு வறண்ட காட்டில் ஆடு மேய்க்கும் கூளையன். அவனை வருடக் கூலிக்குக் கவுண்டர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். கூலி அப்பன் கைக்குப் போகிறது, அவனுக்குக் கிடைப்பது பழைய கஞ்சியும் வசவும். இருந்தும் இது அழுகைப் புத்தகம் இல்லை. நெடும்பன், வவுறி, செவிடி என்று கூட்டாளிகள் இருக்கிறார்கள். ஏரியில் நீச்சல், பனங்காய், ஆடுகளோடு பேச்சு என்று அந்தக் காட்டில் ஒரு முழுக் குழந்தைப் பருவம் நடக்கிறது. ஆட்டின் நடையையும் மேய்ச்சலின் மணத்தையும் இவ்வளவு நெருங்கி எழுத, அந்தக் காட்டில் நடந்த கால் வேண்டும். அந்தப் பருவத்தின் நடுவே ஒரு ஆடு காணாமல் போனால், ஒரு சின்னத் திருட்டு பிடிபட்டால் என்ன நடக்கும் என்ற அச்சம் வாசகரின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. முடிவை இங்கே சொல்வது முறையாகாது.

பூமணியின் ‘பிறகு’ இந்த வரிசையில் அமைதியான நாவல். அதனாலேயே அதிகம் பேசப்படாமல் போனது என்று தோன்றுகிறது. ‘கரிப்பு மணிகள்’ வந்த அதே 1979இல் வந்தது. கரிசல் கிராமத்தில் செருப்பும், மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக்கான தோல் சாமானும் தைக்கும் அழகிரி அதன் மையம். விடுதலைக்குப் பிறகான ஆண்டுகள் அவன் திண்ணையைக் கடந்து போகின்றன. பூமணி யாரையும் உரக்கப் பேச விடுவதில்லை. தைக்கும் ஊசியும், ஊறப்போட்ட தோலும், கேலியும் சிரிப்புமாக ஒரு வாழ்க்கை அங்கே ஓடுகிறது. கிணற்றுக்குப் பம்பு செட்டு வந்தால் கமலை போகும், கமலை போனால் தோல் தைப்பவனுக்கு அறுவடையில் வரும் தானியமும் போகும். இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் போகாமல் இந்தச் சங்கிலியை நாவல் உணர்த்துகிறது. பூமணியின் ‘வெக்கை’யைத் திரைப்படத்தால் அறிந்தவர்கள் பலர். அவர்கள் ‘பிறகு’க்கு வந்தே ஆக வேண்டும்.

கடல் நாவல்களில் கூலி என்பது பங்கு ஆகிறது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆமந்துறை என்ற பரதவர் ஊரின் அரை நூற்றாண்டுக் கதை. 1933இல் தொடங்கி 1985 வரை வருகிறது. கவிழ்ந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் கிடக்கும் மூன்று பேர், கோத்ராப் பிள்ளை, சூசை, இளைஞன் சிலுவை. அவர்கள் கரைசேர்வார்களா என்ற கேள்விக்கு இடையிடையே ஊரின் வரலாறு வந்துபோகிறது. உவரியில் பிறந்து கப்பல் தொழிலில் இருந்தவர் ஆசிரியர். காற்றின் திசைக்கும் நீவாடு எனும் நீரோட்டத்தின் போக்குக்கும் அவரிடம் உள்ள சொற்கள் முதல் ஐம்பது பக்கங்களில் வாசகரைத் திணறவைக்கும். அங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது. அந்தப் பேச்சு ஐம்பது பக்கங்களில் காதுக்குப் பழகிவிடும், பழகிய பிறகு மூச்சுவிட நேரம் இருக்காது. சுறா வேட்டைக் காட்சிகள் தமிழில் வேறெங்கும் இல்லாதவை.

பாடு பட்டவனுக்கு மீன் எப்படிப் பங்காகிறது, கரையில் நிற்கும் வியாபாரி எந்த விலைக்கு எடுக்கிறான், கோயிலுக்கு எவ்வளவு போகிறது, வலை வாங்கிய கடன் யாருக்கு என்ற கணக்குகள் நாவல் முழுக்க ஓடுகின்றன. மற்ற நூல்களில் இல்லாத ஒன்று இதில் உண்டு. உழைப்பவன் தலை நிமிர்ந்து நிற்கிறான். கடலுக்கு முன்னால் அவன் யாருக்கும் அடிமை இல்லை. கரைக்கு வந்த பிறகே அவன் கை தாழ்கிறது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே மனிதனின் ஒரே நாளுக்குள் காட்ட முடிந்ததுதான் இந்த நாவலின் பெரிய சாதனை.

சோ. தர்மனின் ‘சூல்’ (2016) கண்மாய்க்குள் நம்மை இறக்கிவிடுகிறது. கோவில்பட்டி வட்டாரத்து உருளைக்குடி ஆசிரியரின் சொந்த ஊர். கண்மாயைத் தூர்வாரிக் கரம்பை மண்ணை வயலுக்கு அடிப்பது, மடை திறப்பது, கரையைக் காப்பது என்று ஊரே சேர்ந்து செய்யும் வேலை, நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் கிடைக்கும் மரியாதையோடு கூடிய பங்கு. நீர் நிர்வாகம் பற்றிய அறிக்கைகள் சொல்ல முடியாததை ஒரு கதைசொல்லி சொல்லிவிடுகிறார். பழங்காலத்தை ஆசிரியர் சற்று அதிகமாகவே பொன்னாக்கிப் பார்க்கிறார், அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் நியாயமாகக் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் வேளாண் பொறியியல் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இதைக் கொடுக்கலாம். எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ (2014) கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களின் நாவல். வேலையை வணங்கும் ஊரே வேலை செய்பவனை அவமதிக்கும் விந்தையை அது எழுதுகிறது. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிப்பவனுக்குப் பந்தலில் என்ன கிடைக்கிறது என்பதற்கு இந்த நாவலைத்தான் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் வந்த ஒன்று, ஆனால் தமிழர்களைப் பற்றிய ஒன்று, இந்த ஆண்டு வாசிப்பில் மிக ஆழமாகத் தைத்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய ‘தோட்டியின் மகன்’. சுந்தர ராமசாமி இளமையில் மொழிபெயர்த்து ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வந்தது, நூலாவதற்கு 2000ஆம் ஆண்டு வரை ஆனது. கதை நடப்பது ஆலப்புழையில். நகரத்தின் மலத்தை அள்ளும் மூன்று தலைமுறைகள், இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன். முதல் இரண்டு பெயர்களைக் கேட்டதுமே அவர்களின் பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று முடிவெடுக்கிறான். அந்த முடிவுக்காக அவன் செய்பவை வாசகரைக் கலங்கடிக்கின்றன. தன் கூட்டத்திலிருந்து விலகுகிறான், சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான், காசு சேர்க்கிறான், சேர்த்த காசை நகராட்சித் தலைவரிடம் நம்பிக் கொடுத்து வைக்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயர் வைத்தபோது, தோட்டி மகனுக்கு இப்படி ஒரு பெயரா என்று ஊர் பதறுகிறது. அவனைப் பள்ளியில் சேர்க்கப் படாத பாடு படுகிறான். ஊரில் காலரா வருகிறது. சேமித்த கூலி மகன் கைக்கு வந்து சேரவில்லை. மோகனன் வாளியைத் தூக்குகிறான். ஆனால் தந்தை ஒதுங்கிப் போன கூட்டத்தின் முன்வரிசையில் அவன் நிற்கிறான். தகழி சுடலைமுத்துவை மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. ஒரு நல்ல ஆசை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று பார்த்துக்கொண்டே வருகிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் ஒருமுறையும் 2013இல் இன்னும் விரிவாகவும் இந்த நாட்டில் வந்தது. சாக்கடைக் குழியில் மூச்சுத் திணறி இறப்பவர்களின் செய்தி அதன் பிறகும் நாளிதழ்களில் வருகிறது. அந்தச் செய்திகளை வாசிக்கும் விதத்தை இந்த நாவல் மாற்றிவிடும்.

கடல் கடந்த உழைப்புக்கு ஒரு நூல். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதையை 1942-43இல் போட்டது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. ஐரோப்பியப் போர்க் கைதிகள் அங்கே பட்ட பாட்டுக்கு ஆங்கிலத்தில் நிறையப் புத்தகங்களும் புகழ்பெற்ற திரைப்படமும் உண்டு. தமிழ்க் கூலிகளின் பக்கத்துக்கு இந்த நாவல் சாட்சி.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்குச் சில சொற்கள். நாவல் வாசிப்பே புதியது என்றால் ‘கூளமாதாரி’. பெரிய நூலுக்குப் பயமில்லை என்றால் ‘ஆழி சூழ் உலகு’. ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரம் என்றால் தயக்கமில்லாமல் ‘கோவேறு கழுதைகள்’. ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் உயிரோடு இருந்தபோதே, 2009இல், நாட்டுடைமை ஆக்கப்பட்டன. எந்தப் பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம், மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. இப்படி எளிதாகக் கிடைத்தும் கல்லூரிப் பாடத்திட்டங்களில் ‘கரிப்பு மணிகள்’ அரிதாகவே தென்படுவது வருத்தம் தருகிறது. வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் ‘கரிப்பு மணிகள்’, ‘எரியும் பனிக்காடு’ இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. பார்த்து எழுதியவரும் உள்ளே இருந்து எழுதியவரும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று பேச நிறைய இருக்கும்.

தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. ‘கோவேறு கழுதைகள்’ லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பிலும், ‘கூளமாதாரி’ வ. கீதா மொழிபெயர்ப்பிலும் ஆங்கிலத்தில் உண்டு. டேனியலின் நாவல் மூலத்திலேயே ஆங்கிலம். ‘தோட்டியின் மகன்’ ஆர்.இ. ஆஷரின் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. பிள்ளை ஆங்கிலத்திலும் பெற்றோர் தமிழிலும் ஒரே வாரத்தில் ஒரே நாவலை வாசித்து, ஆரோக்கியம் களத்தில் நிற்கும் அந்தப் பக்கங்களை மாறி மாறி உரக்கப் படிக்கலாம். வரும் ஆண்டுக்கு இந்த மேடையிலிருந்து வைக்கும் முதல் வேண்டுகோள் அது.